போஸ்டரில் பார்த்த மஸ்டாங்கை எந்த வருடத்து மாடலில் வாங்குவது?

கேள்வி: அண்ணா, வணக்கம். ஹூஸ்டனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன், வயது 33, சொந்த ஊர் விருதுநகர். பள்ளிக்கூட நாட்களில் ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங்கின் போஸ்டரை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். இப்போதுதான் அதற்கென்று 25,000 டாலர் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஏற்கனவே ஒரு எஸ்யூவி இருக்கிறது, இரண்டரை வயதில் மகள் இருக்கிறாள். நான்கு மஸ்டாங் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 1966 கூப்பே, ஆறு சிலிண்டர், "முழுக்கப் புதுப்பித்தது", 24,000 டாலர். இரண்டு, 2007 ஜிடி (வி8, அதாவது எட்டு சிலிண்டர் மாடல்), 98,000 மைல், 13,500 டாலர். மூன்று, 2016 ஜிடி, மேனுவல் கியர், 61,000 மைல், 23,500 டாலர். சைலன்சர், ஏர் இன்டேக், ஸ்பிரிங் மூன்றையும் மாற்றியிருக்கிறார்கள். நான்கு, 2019 ஈகோபூஸ்ட் (நான்கு சிலிண்டர் டர்போ), ஆட்டோமேட்டிக், 44,000 மைல், 21,000 டாலர். எதை வாங்கலாம்? "இப்ப இது தேவையா?" என்று மனைவி கேட்கிறாள். எனக்கு அந்த வி8 சத்தம்தான் அண்ணா எல்லாமே.

பதில் (டல்லாஸில் கார் பட்டறை நடத்தும் மெக்கானிக்):

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். நீங்கள் சொன்ன நான்கில் வாங்க வேண்டிய வகை 2016 ஜிடி. ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்தக் காரையே வாங்கலாமா என்பதை, அடிப்பக்கம் தெரிய காரைத் தூக்கும் பட்டறை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஒரே வருடம், ஒரே நிறம், ஒரே மைல் ஓடிய இரண்டு மஸ்டாங்கை என் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், ஒன்று இன்னும் பத்து வருடம் ஓடும், மற்றொன்று பத்து மாதத்தில் இன்ஜின் கேட்கும். டொயோட்டா கேம்ரியில் இந்த வித்தியாசம் இவ்வளவு வராது. மஸ்டாங்கில் வருவதற்குக் காரணம் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் இந்தக் காரை ஃபோர்டு வெளியிட்டது. அப்போது ஃபோர்டு பிரிவின் தலைவர் லீ ஐயகோக்கா. புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் பணமும் நேரமும் ஆகும் என்பதால், ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தையும் உதிரிப் பாகங்களையும் எடுத்து, நீண்ட பானெட்டும் குட்டி டிக்கியுமாக ஓர் அழகான உடம்பை அதன் மேல் போட்டார்கள். ஆரம்ப விலை 2,368 டாலர்தான். மீதியை வாங்குபவர் பட்டியலைப் பார்த்துத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும்: எந்த இன்ஜின், எந்த கியர், எந்த பிரேக், எந்த சீட். முதல் நாளே 22,000 ஆர்டர் வந்தது. இரண்டு வருடம் முடிவதற்குள் பத்து லட்சம் கார்கள் விற்றன.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்றால், மஸ்டாங் என்பது ஆரம்பத்திலிருந்தே மலிவான, எல்லோருக்கும் தெரிந்த பாகங்களால் ஆன, வாங்குபவர் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் கார். 2018 ஆகஸ்டில் ஒரு கோடியாவது மஸ்டாங் மிச்சிகனில் உள்ள ஃபிளாட் ராக் ஆலையிலிருந்து வெளியே வந்தது. இத்தனை கார்கள் இருப்பதால் உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு, வேலை தெரிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அதே காரணத்தால்தான், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கூட இணையத்தில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு இதில் கை வைத்துவிடுகிறார். பழைய மஸ்டாங்கில் நான் ஃபோர்டு செய்த தப்பைத் தேடுவதை விட, முந்தைய ஓனர் செய்த வேலையைத்தான் அதிக நேரம் தேடுவேன்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

1966 கூப்பேதான் உங்கள் போஸ்டர். மனசு அங்கேதான் போகும், புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கிற வி8 சத்தம் இந்தக் காரில் வராது, ஏனென்றால் இதில் இருப்பது ஆறு சிலிண்டர்! அந்த வருடத்து காரின் சேஸிஸ் எண்ணில் ஐந்தாவது எழுத்து 'டி' (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். 'சி', 'ஏ', 'கே' என்றால் 289 கன அங்குல வி8. ஆறு சிலிண்டர் காரின் சக்கரத்தில் நான்கு நட்டு, வி8-ல் ஐந்து நட்டு. பிற்பாடு வி8 பொருத்திவிட்டு விலையை ஏற்றிச் சொல்பவர்களை இந்த இரண்டு இடத்திலேயே பிடித்துவிடலாம். இவர் ஆறு சிலிண்டர் என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார், அது நல்லதுதான். ஆனாலும் ஆறு சிலிண்டர் கூப்பேக்கு 24,000 எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. அதுவும் 'புதுப்பித்தது' என்ற பேச்சுக்கு எந்த அளவும் கிடையாது. விண்ட்ஷீல்டுக்குக் கீழே காற்று போகும் பெட்டி ஒன்று இந்தக் கார்களில் உண்டு. அது துருப்பிடித்து ஓட்டையானால் மழைத் தண்ணீர் நேராக உங்கள் காலடியில் இறங்கும். அதைச் சரி செய்ய முன்பக்கத்துத் தகட்டையே வெட்டி எடுக்க வேண்டும். பளபளவென்று பெயின்ட் அடித்த எத்தனையோ கார்களில் அந்த இடத்தை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு வாளித் தண்ணீரை அங்கே ஊற்றி, உள்ளே கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள் என்பேன். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்து மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல் தகடுதான் டிக்கியின் தரை. பின்னாலிருந்து யாராவது இடித்தால், டேங்குக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் பின் சீட்டைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. பிரேக்கோ, 1966 வரை ஒரே ஹைட்ராலிக் லைன். ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். 1967-ல்தான் இரட்டை லைன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காபி குடிக்கப் போய்வர இது அருமையான கார். ஹூஸ்டனின் ஐ-10 நெடுஞ்சாலையில், மகள் பின்னால் இருக்க ஓட்டும் கார் இல்லை. முதல் மஸ்டாங்காக வாங்க வேண்டாம். பத்து வருடம் கழித்து, வீட்டில் ஷெட் கட்டிய பிறகு, நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

அடுத்த கார் 2007. நடுவில் நாற்பது வருடம் தாண்டுகிறோம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த வருடத்தை ஏன் தவிர்க்கிறோம் என்பது அப்போதுதான் பிடிபடும். அறுபதுகளின் கடைசியில் மஸ்டாங் வருடத்துக்கு வருடம் பருத்தது. 1969-ல் மாக் 1, பாஸ் 302, பாஸ் 429 என்ற பலம் மிகுந்த மாடல்கள் எல்லாம் வந்தன. இந்த மாதிரி கார்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள், புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. 1974-ல் பின்டோ என்ற சிறிய காரை ஒட்டி மஸ்டாங் 2 வந்தது. அந்த முதல் வருடம் வி8 கிடையாது, நான்கு சிலிண்டர் அல்லது வி6 மட்டும்தான். இன்றும் கார் பிரியர்கள் அதைக் கேலி செய்கிறார்கள். ஆனால் முதல் வருடமே ஏறக்குறைய 3,85,000 விற்றது; பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. அது விற்கவில்லை என்றால் பெயரே அன்றோடு போயிருக்கும் என்பது என் கட்சி.

1979-லிருந்து 1993 வரை வந்ததை இங்கே ஃபாக்ஸ் பாடி என்பார்கள். கார் லேசு, விலை குறைவு, 1987-ல் 5.0 லிட்டர் வி8-க்கு 225 குதிரைத்திறன். கையில் காசில்லாத இளைஞர்கள் அதை வாங்கி, கழற்றி, மாட்டி, வாரக் கடைசியில் நேர்கோட்டுப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். மஸ்டாங்குக்கு என்று தனியாக உதிரிப் பாகம் செய்யும் பெரிய வியாபாரமே அதில்தான் வளர்ந்தது. உங்கள் 2016 காரில் ஸ்பிரிங் மாற்றியவர் அந்தப் பரம்பரையின் பேரன்! எண்பதுகளின் நடுவில் மஸ்டாங்கை மாஸ்டா அடித்தளத்தில், முன் சக்கரம் இழுக்கும் காராக மாற்ற ஃபோர்டு திட்டம் போட்டது. செய்தி கசிந்ததும் ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். கடைசியில் அந்தக் கார் 'ஃபோர்டு ப்ரோப்' என்ற வேறு பெயரில் போனது. மஸ்டாங் பின் சக்கரம் தள்ளும் வி8 காராகவே தப்பித்தது. தொண்ணூறுகளின் கார்கள் உங்கள் பட்டியலில் இல்லை, அதனால் ஒரே வரி: 1996-லிருந்து 2001 வரை வந்த 4.6 லிட்டர் கார்கள் பலவற்றில் இன்ஜினுக்குக் காற்று அனுப்பும் பிளாஸ்டிக் இன்டேக் வெடித்துக் கூலன்ட் கொட்டும்.

2005-ல் வந்தது பழைய அறுபதுகளின் முகத்தைத் திரும்பக் கொண்டுவந்த மஸ்டாங். அதன் தலைமைப் பொறியாளர் ஹவ் தாய் டாங் வியட்நாமில் பிறந்தவர். போர்க் காலத்தில் சைகோனில், அமெரிக்கப் படையினருக்குக் காட்ட வந்த மஸ்டாங்கைச் சிறுவனாகப் பார்த்தவர், பிறகு அமெரிக்கா வந்து அந்தக் காரையே செய்தார். போஸ்டர் ஒட்டியவர் நீங்கள் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் 2007 ஜிடி அந்தத் தலைமுறைதான்: 4.6 லிட்டர், 300 குதிரைத்திறன், நல்ல சத்தம். 13,500-க்கு வாங்கினால் கையில் பதினோராயிரத்துக்கு மேல் மிஞ்சும். எனக்குப் பிடித்த கார்தான். ஆனால் மூன்று இடத்தில் பாருங்கள். இந்த இன்ஜினின் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்தது. கரி படிந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது உடைந்து பாதி சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிடும். பிளக் மாற்ற ஃபோர்டு சொன்ன கணக்கு 1,00,000 மைல். கார் 98,000-ல் நிற்கிறது. இன்னும் 2,000 மைலில் அந்த வேலை உங்கள் தலையில் விழும், விற்பவர் இப்போது ஏன் விற்கிறார் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிளக் ஏற்கனவே மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்த ரசீதுக்குத் தனி மதிப்பு. இரண்டாவது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 'டக் டக்' என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர் தேய்ந்திருக்கலாம், செலவு அதிகம். மூன்றாவதுதான் முக்கியம். 2005-லிருந்து 2014 வரை வந்த மஸ்டாங்குகள் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குக்கான ரீகாலில் (பழுதான பாகத்தை மாற்றக் கார்களைத் திரும்ப அழைப்பது) அடக்கம். அந்த ஏர்பேக்கின் வெடிமருந்து, வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில்தான் சீக்கிரம் கெடும். ஹூஸ்டனை விட்டால் அதற்குப் பொருத்தமான ஊர் கிடையாது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் இணையதளத்தில் 17 எழுத்து விஐஎன் எண்ணை, அதாவது சேஸிஸ் எண்ணைப் போட்டால், ரீகால் வேலை முடிந்ததா என்று காசில்லாமல் தெரியும். முடியவில்லை என்றால் டீலர் இலவசமாகச் செய்வார், ஆனால் அது முடியும் வரை அந்த சீட்டில் உட்காராதீர்கள். சோதனை ஓட்டத்துக்குக்கூட.

2019 ஈகோபூஸ்ட்டை நிறைய பேர் இளக்காரமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். 2.3 லிட்டர் டர்போ, 310 குதிரைத்திறன்; உங்கள் 2007 வி8-ஐ விட அதிகம், பெட்ரோலும் குறைவு. எண்பதுகளிலேயே எஸ்விஓ என்று நான்கு சிலிண்டர் டர்போ மஸ்டாங் வந்திருக்கிறது, அதனால் இது பரம்பரைக்குப் புதிதும் அல்ல. வாடகைக் கார் நிறுவனங்கள் இந்த வகையை நிறைய வாங்கின என்பதால் முதல் ஓனர் யார் என்று மட்டும் பாருங்கள். பத்து கியர் ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும்போது உதைக்கிறது என்ற புகார் இந்த வருடங்களில் உண்டு. ஊருக்குள் மெதுவாக, நின்று நின்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு ஒருவர் கேட்டிருந்தால் இதையே வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஈகோபூஸ்ட்டில் சத்தம் போதாது என்று ஃபோர்டே ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தத்தைக் கூட்டி உள்ளே அனுப்புகிறது. வி8 சத்தம்தான் எல்லாமே என்று எழுதுகிறவர் இதை வாங்கினால், அடுத்த வருடமே நஷ்டத்துக்கு விற்றுவிட்டு ஜிடி தேடுவார். இரண்டு தடவை வரி கட்டுவது வீண்.

இனி 2016 ஜிடி.

2011-ல் ஃபோர்டு இன்ஜினை மாற்றியது. கொயோட்டி என்று எல்லோரும் சொல்லும் 5.0 லிட்டர் வி8 அப்போது 412 குதிரைத்திறனோடு வந்தது. 2015-ல் காரையே மாற்றினார்கள். அதுவரை மஸ்டாங்கில், 1999-லிருந்து 2004 வரை வந்த கோப்ரா என்ற மாடலைத் தவிர, பின்னால் லாரியில் இருப்பது போன்ற ஒரே அச்சுதான். 2015-லிருந்து எல்லா மாடலிலும் இரண்டு பின் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். மேடு பள்ளமான வளைவில் பழைய கார் பின்னால் துள்ளும், இது தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். வலது பக்க ஸ்டீயரிங்கோடு ஆலையிலேயே செய்ததும் இந்தத் தலைமுறையில்தான், அதனால்தான் 2016-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அங்கே அப்போது ஆட்டோமேட்டிக் ஜிடி மட்டும், விலை 65 லட்சம் ரூபாயாக இருந்தது! விருதுநகர் நண்பர்களிடம் உங்கள் விலையைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

2015 முதல் 2017 வரை ஜிடிக்கு 435 குதிரைத்திறன். சாதாரண பெட்ரோலிலேயே ஓடும், பிரீமியம் போட்டால் முழு பலம் வரும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் எட்டு குவார்ட் குடிக்கும், அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் கொஞ்சம் கனமான பில். 2018-ல் 460 குதிரைத்திறனாக ஏற்றினார்கள், இன்ஜினின் உள்சுவர் பூச்சை மாற்றினார்கள், இன்ஜெக்‌ஷனை இரட்டையாக்கினார்கள். அது இன்னும் வேகமான கார், சந்தேகமில்லை. ஆனால் ஆரம்பத்தில் வந்த சில இன்ஜின்களில் ஆயில் குறைவதும், டைப்ரைட்டர் மாதிரி ஒரு சத்தம் வருவதும் பேச்சாக இருந்தன. உங்கள் பணத்துக்கு அதில் கிடைப்பது அதிக மைல் ஓடிய காராகத்தான் இருக்கும். அதனால் 25,000 டாலருக்கு 2015–17 ஜிடிதான் என் கணக்கில் சரியான இடம்.

உங்கள் குறிப்பிட்ட கார் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. சைலன்சர் மாற்றினால் பரவாயில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கீழே படுத்துப் பாருங்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் புகைச் சோதனை இன்னும் உண்டு, கன்வெர்ட்டர் இல்லாத கார் அதில் தேறாது. ஏர் இன்டேக் மாற்றினால் அதோடு இன்ஜின் கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். 'ட்யூன் பண்ணியிருக்கிறீர்களா' என்று நேராகக் கேளுங்கள். "ஆமாம், இன்னார் செய்தது, பழைய ஃபைலும் இருக்கிறது" என்று சொல்பவர் நம்பத் தகுந்தவர். "அப்படி எதுவும் இல்லை" என்கிறாரா, இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். காரின் சுய சோதனைகள் முடியாமல் அரைகுறையாக நின்றால், யாரோ சமீபத்தில் நினைவகத்தை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காரைக் காட்டுவதற்கு முந்தின நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படி வரும், அதையும் ஏன் என்று கேட்க வேண்டும்.

தாழ்த்திய ஸ்பிரிங்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அலைன்மென்ட் சரியாகச் செய்யாமல் தாழ்த்தினால் பின் டயரின் உள் ஓரம் மட்டும் சீக்கிரம் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போல இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், கம்பி தட்டுப்பட்டாலும் ஆச்சரியமில்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. ஆறு வருடத்துக்கு மேல் என்றால், பட்டன் எவ்வளவு இருந்தாலும், நான்கையும் மாற்றும் செலவை விலையில் குறையுங்கள். 435 குதிரைத்திறனும் காய்ந்த டயரும் மழை பெய்த ரோடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இணையத்தில் வீடியோக்கள் நிறைய உண்டு. கார் கண்காட்சியிலிருந்து வெளியே வரும்போது நடைபாதையில் ஏறும் கார் பெரும்பாலும் மஸ்டாங் என்று ஒரு கிண்டலே இருக்கிறது.

பின் சக்கரக் கூண்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் துணுக்குகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் டயரைப் புகைய விட்டிருக்கிறார்கள். இந்த ஜிடியில் முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பின் டயரைச் சுழல விடும் லைன் லாக் வசதியை ஃபோர்டே வைத்துக் கொடுத்திருக்கிறது, யாரைக் குற்றம் சொல்ல?

ஓட்டிப் பார்க்கும் நாளன்று, வரும் வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இந்த மேனுவல் கியர் பெட்டி குளிரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், குறிப்பாக இரண்டாவது கியர். பத்து நிமிடத்தில் இளகினால் அது இதன் குணம். சூடான பிறகும் கரகரவென்று அரைத்தாலோ, கியர் தானாக வெளியே வந்தாலோ விட்டுவிடுங்கள். பிறகு நேரான ரோட்டில் நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் போய்விட்டது. பானெட்டின் முன் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அலுமினிய பானெட்டுக்கு அது வழக்கமான நோய்.

விஐஎன்னில் எட்டாவது எழுத்து 'எஃப்' என்று இருக்க வேண்டும், அதுதான் 5.0. 'எச்' என்றால் ஈகோபூஸ்ட், 'எம்' என்றால் வி6. ஜிடி என்ற எழுத்தை ஒட்டி விற்கும் வி6 கார்கள் உண்டு.

உங்கள் ஊருக்கு மட்டும் இன்னொன்று. 2016 மாடல் கார் என்றால் 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். ஹூஸ்டனில் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றில் சில வேறு மாநிலத்தில் பதிவாகி, டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) இருந்த 'வெள்ளச் சேதம்' என்ற குறி மறைந்து திரும்பி வருவது உண்டு. காரின் டைட்டில் வரலாற்றைக் காட்டும் என்எம்விடிஐஎஸ் ரிப்போர்ட் வாங்குங்கள், சில டாலர்தான். அதை மட்டும் நம்பாமல், சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு கடைசி அடியில் தெரியும். சீட்டுக்கு அடியில் சீட் நகரும் தடத்திலும் போல்ட்டிலும் துரு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நீங்களே பார்த்தாலும், விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து டெக்சாஸில் தனியார் கார்களுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. அந்தக் காரின் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் கடைசியாக யார் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. 'இது முதலீடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லட்சக்கணக்கில் செய்த கார் முதலீடு ஆகாது. விலை சட்டென்று விழாது என்பது வரை உண்மை: செவ்ரலே கமாரோவும் வி8 டாட்ஜ் சேலஞ்சரும் 2023-க்குப் பிறகு நின்றுவிட்டன, பழைய மூன்று போட்டியாளர்களில் வி8 கூப்பே இன்னும் செய்வது மஸ்டாங் மட்டும்தான். அதனால் நல்ல ஜிடிக்குக் கேட்பார் இருக்கிறார்கள். மகள் விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். பின்னால் இரண்டு சீட்டிலும் குழந்தை சீட் மாட்டும் கொக்கி இருக்கிறது, மாட்டலாம். ஆனால் 2017-ல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில் இந்த மஸ்டாங்குக்குக் கிடைத்தது இரண்டே நட்சத்திரம், குழந்தைப் பாதுகாப்பில் 32 சதவீதம்தான். பிறகு சில மாற்றம் செய்து மூன்று நட்சத்திரம் வாங்கினார்கள். அமெரிக்க அரசின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஆனால் அவர்கள் பின் சீட்டைப் பார்க்கும் விதம் வேறு. மகள் எஸ்யூவியில் போகட்டும். மஸ்டாங் உங்கள் இருவருக்குமாக இருக்கட்டும். அவரையும் மேனுவல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், யாருக்குத் தெரியும், சாவி அப்புறம் உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம்.

பணக் கணக்கு: 23,500 டாலருக்கு 6.25 சதவீத விற்பனை வரி, ஏறக்குறைய 1,470 டாலர். உங்கள் 25,000 அங்கேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிடும், டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்தக் காருக்கு 21,500-க்கு மேல் நான் போக மாட்டேன். காரோடு வந்த பழைய ஸ்பிரிங்கும் பழைய ஏர் இன்டேக் பெட்டியும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறலாம். பேரம் படியவில்லை என்றால் கவலை வேண்டாம், யாரும் கை வைக்காத 2015–17 ஜிடி மாதாமாதம் விற்பனைக்கு வரும். நடுத்தர வயது ஓனர், டீலர் சர்வீஸ் ரசீதுகள், சலிப்பூட்டும் நிறம், அந்த மாதிரி தேடுங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே அந்த விஐஎன்னைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், ஈகோபூஸ்ட்டுக்கும் ஜிடிக்கும் வித்தியாசம் இருக்கும்.

பேரம் படிந்தால் உங்கள் வங்கிக் கிளையில் வைத்துப் பணம் கைமாறட்டும். டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், லோன் பாக்கி குறி இருந்தால் அது அடைந்ததற்கான கடிதம் கேளுங்கள். 130-யூ படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, முடிந்தால் இருவருமே சேர்ந்து கவுன்ட்டி வரி அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றிவிடுங்கள். "டைட்டில் தபாலில் வரும்" என்று யாராவது சொன்னால், அது வந்த பிறகு பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.